கொடிக்கம்பியில் ஓர் இடம்

அப்பா கோபுரத்தில் இருக்கும்போது கொடிக்கம்பி வாய் திறக்கக் கூடாது. அன்று சாயங்காலம் திறந்தது.

எலி துணி எடுக்கப் பின்வாசலுக்கு வந்திருந்தாள். எலி என்பது அப்பா கூப்பிடும் பெயர். இப்போது அந்த வீட்டில் இருப்பது அவர்கள் இருவர்தான். வானொலி நிலையத்துக் குடியிருப்பில் கம்பி பேசுவது யாருக்கும் புதிதில்லை. ஒலிபரப்புக் கோபுரத்தில் மின்சாரம் ஓடும் நேரமெல்லாம் துருப்பிடித்த கொடிக்கம்பியும் வேலியும் நிகழ்ச்சிகளைத் தாமே முணுமுணுக்கும். "கம்பி தினம் செய்தி கேக்குது. பரீட்சைக்கு உனக்குப் பதிலா அதையே அனுப்பிடலாம் போல" என்பார் அப்பா. ஆனால் உச்சியில் சிவப்பு விளக்கு மாற்ற ஏறும் முன் நிலையத்தை நிறுத்தி, மெயின் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அவர் இறங்கி வந்து கொடுக்கும்வரை யாராலும் ஓட்ட முடியாது. கம்பி ஊமையாகக் கிடந்தால் அப்பா பத்திரமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

இப்போது ஈரத் துண்டுக்கும் அவளுடைய பள்ளிச் சட்டைக்கும் நடுவிலிருந்து மூச்சு வாங்கும் சத்தம் வந்தது. ஏணியில் நின்று நின்று இறங்கும் ஒருவரின் மூச்சு, இடையிடையே இரும்பில் செருப்பு உரசும் ஓசை, கூடவே தீய்ந்த ரப்பர் வாடை.

உள்ளே ஓடி, கட்டுப்பாட்டு அறையிலிருந்த ஆபரேட்டர் மாமாவுக்குப் போன் செய்தாள்.

"மாமா, கம்பி பேசுது."

"என்ன பாட்டு?"

"விளையாடாதீங்க மாமா. யாரோ மூச்சு வாங்குறாங்க."

"சாவி உங்கப்பா பாக்கெட்ல இருக்கும்மா. இங்க மீட்டர் முள்ளு பூஜ்யத்துல படுத்துத் தூங்குது. போய்ப் படி, போ."

"அப்பா இறங்கிட்டாரா?"

அவர் ஜன்னலுக்குப் போய்விட்டு வந்தார். திரும்பியபோது குரலில் சிரிப்பு இல்லை.

"மேல ஆளைக் காணோம். கீழயும் வரல. நீ வெளிய வராத. நான் போய்ப் பாக்கறேன்."

போன் வைக்கப்பட்டது. எலிக்கு அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. "காக்கா கோபுரத்துல உக்காருது, அதுக்கு என்ன ஆகுது? ரெண்டு காலும் மேலயே இருக்கு. கரண்ட் ஓடுறப்ப மேல ஒரு கை, தரையில ஒரு கால்னு நின்னா முடிஞ்சுது கதை. ஏறினாலும் குதிச்சுதான் ஏறணும்."

எப்படியோ கோபுரத்தில் மின்சாரம் வந்திருக்கிறது. அவருக்குத் தெரியாது. இறங்கிக்கொண்டிருக்கிறார்.

பின்வாசலுக்கு ஓடி, கம்பியை நோக்கிக் கத்தினாள். "அப்பா! தரையில கால வைக்காதீங்க!"

மூச்சு நின்றது. செருப்புச் சத்தமும் நின்றது.

"சரி, எலி" என்றது கம்பி.

வீடுகளுக்கு மேலே இருட்டு இறங்கியது. கோபுரத்தின் உச்சியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மாற்றிவிட்டார். இருக்கிறார்.

கொடிக்கம்பி கிரீச்சிட்டது.

விளக்கு எரிந்தபோது பார்த்தாள். துண்டுக்குப் பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். முழங்கால்களை மடக்கி, காக்கையைப் போல. அத்தனை பெரிய உடம்புக்குக் கம்பி ஓர் இழைகூடத் தொய்யவில்லை. சட்டைப்பையில் சாவி சிவப்பாகக் கனன்றது. துணி கருகிக்கொண்டிருந்தது.

இருட்டு.

"வைக்கல, பாத்தியா?"

கம்பிதான் பேசியது. வெளிச்சம் வந்தபோது அவர் வாய் மூடியிருந்தது.

"அப்பா..."

"இனிமே இறங்க முடியாது. நீ வா."

அவர் நகர்ந்தார். சோபாவில் அவளுக்கு இடம் விடும்போது நகர்வாரே, அதே மாதிரி. கொஞ்சமாக. துண்டுக்கும் அவருக்கும் நடுவே ஓர் இடம்.

"குதிச்சு ஏறு."

எலி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். இறுக்கி. குனிந்து பார்த்தாள்.

அவளுடைய குதிகால்கள் தரையை விட்டு எழும்பியிருந்தன.

அவள் எழுப்பவில்லை.