இடது காதின் அளவு

திங்கட்கிழமை காலையில் ஏஞ்சலின் இடது காதுக்கு இயர்போனின் சின்ன ரப்பர் டிப் கச்சிதமாக இருந்தது. மதியம் சோறு தின்றுவிட்டு வந்து அதையே மாட்டியபோது கழன்று மடியில் விழுந்தது.

எச்சில் தொட்டு ஈரமாக்கி, வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, திருகித் திருகி உள்ளே விட்டாள். கையை எடுத்ததும் மறுபடி விழுந்தது. வலது காதில் போட்டது அசையாமல் நின்றது. இரண்டு காதும் ஒரே தலையில்தானே இருக்கின்றன என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது பேருந்தில் பாட்டுக் கேட்கிற இயர்போன் அல்ல. மேடைப் பாடகர்கள் போட்டுக்கொள்கிற இன்-இயர். தன் குரலையும் வாத்தியங்களையும் நேரே காதுக்குள் கேட்டுச் சுருதி பிடிப்பதற்கானது. எவ்வளவு உசத்தியான சாமானாக இருந்தாலும் அதன் முனையில் மாட்டுகிற ரப்பர் டிப் காதை இறுக அடைத்தால்தான் அதற்கு மரியாதை. மயிரிழை இடைவெளி விழுந்தால் பேஸ் என்கிற அடித்தொனி முழுக்க ஒழுகிவிடும். மிச்சமிருப்பது தகர டப்பாவுக்குள் ஈ கத்துகிற சத்தம்தான். சுருதி எங்கே இருக்கிறது, தான் எங்கே நிற்கிறோம் என்று பாடுகிறவளுக்குத் தெரியாது.

போன மாதம் திருவான்மியூரில் ஒரு கல்யாண வரவேற்பில் அதுதான் நடந்தது. சரணத்தின் உச்சியில் இடது பக்கம் கழன்றது, குரல் சறுக்கிக் கீழே இறங்கிவிட்டது. யாரோ அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்துக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட, சிரிக்கிற பொம்மைகள் வரிசை கட்டின. மெல்லிசைக் குழுவை நடத்துகிற லாரன்ஸ் அண்ணன் சிரிக்கவில்லை. சனிக்கிழமை வடபழனி மண்டபத்தில் அதே பாட்டைப் பிசிறில்லாமல் பாட வேண்டும், இல்லாவிட்டால் முதல் பாடகி இடம் குழுவின் இன்னொரு பாடகி ஆஃப்ரீனுக்கு என்று சொல்லிவிட்டார். பதினோரு வருடம் கோரஸில் நின்று ஏஞ்சல் பிடித்த இடம் அது.

நடு அளவு டிப்பை எடுத்து மாட்டினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. வெயிலுக்குக் காது வீங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வீங்கினால் துவாரம் சுருங்கத்தானே வேண்டும் என்பது அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் சைதாப்பேட்டைக்குப் போய் டில்லிபாபுவைப் பார்த்தாள். குழுவுக்குச் சவுண்டு பார்க்கிறவர் அவர். பழைய ஆம்ப்ளிஃபயர்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமலே கேட்டார்.

"இன்னா ஏஞ்சலு, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதையா கீது?"

"நக்கல் பண்ணாத மாமா. வாயத் தொறந்தாலே கய்ண்டுக்குது. செத்துப் போலாம் போலக் கீது."

"வாய மூடிக்கினு மாட்டினா மூடின வாய்க்குத்தான் அது செட்டாவும். மேல போறப்போ உன் தாடை எறங்குதா, காதுக்குள்ள ஓட்ட வேற ஷேப்புக்குப் போய்டுது. அதனால பாடிக்கினே மாட்டு. அந்த உச்சி எடத்தப் புட்ச்சிக்கோ, அப்டியே உள்ள வுடு, கெட்டியா அடைச்சிக்கிற வரிக்கும் பாட்ட வுடாத."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா, உன் கொரலு உள்ளயே நிக்கும். எங்கயும் போவாது."

மேடைக்காரர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான் அது. பட்டினப்பாக்கத்து வீட்டுக்கு வந்து, ஜன்னலைச் சாத்தி, கட்டிலில் உட்கார்ந்து, உச்சி ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டே இடது பக்கத்தை உள்ளே திருகினாள். கடல் சத்தம், கீழ்வீட்டுக் குக்கர், தெருவில் மீன் கூடை இறக்குகிறவர்களின் கூச்சல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்ந்து தொலைவுக்குப் போக, மண்டைக்குள் அவள் குரல் மட்டும் கிணற்றுக்குள் பாடியதுபோலத் தடித்துப் பெருத்து நின்றது. பேஸ் நெஞ்சில் வந்து இடித்தது. இத்தனை நாள் எங்கேயடி போயிருந்தாய் என்று இயர்போனையே கொஞ்சலாம் போல இருந்தது. அன்றைக்கு மூன்று மணி நேரம், கழன்றபோதெல்லாம் பாடிக்கொண்டே மாட்டி, பாடிக்கொண்டே அடைத்தாள்.

புதன்கிழமை நடு அளவும் போதவில்லை.

பெரிய டிப்பை எடுத்தபோது அவளுக்குப் பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சனிக்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள். பாட்டைப் பார்ப்பதா, இந்த ரப்பர் துண்டோடு மல்லுக்கட்டுவதா? அந்த ஆத்திரத்திலேயே உச்சியைப் பாடிப் பாடி மாட்டினாள். அடைத்தது. அடைத்த காதுக்குள் சொந்த உடம்பின் சத்தமெல்லாம் கேட்கும் என்பது அவளுக்குப் பழக்கம்தான். எச்சில் விழுங்குவது, தாடை எலும்பு நகர்வது, மூச்சு ஏறி இறங்குவது, அதற்கடியில் இதயம் பொத்துப் பொத்தென்று அடிப்பது. இவ்வளவும் கேட்டன. மறுபடி பாடுவதற்கு முன் நன்றாக மூச்சை இழுத்து நிறுத்தினாள். வலது காதில் மூச்சு நின்றது.

இடது காதில் இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டு நின்றது.

ஒயர் உரசியிருக்கும். மறுபடி மூச்சைப் பிடித்தாள். மறுபடி அதே கால் நொடி. பிடித்தபடியே காத்திருந்தாள். இடது பக்கம் யாரோ எச்சில் விழுங்கினார்கள். அவள் விழுங்கவில்லை.

பிடுங்கி எறிந்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். அம்மா தேசம்மா மத்தியான மீன் வியாபாரம் முடிந்து வந்து, கால் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாட்டு நல்லாத்தான் கீது. ஆஃப்ரீன் எப்ப வந்தா? ஒரு வாய் டீ போட்டுக் குடுக்கக்கூடத் தோணலயாடி உனுக்கு?"

"ஆஃப்ரீனா? அவ எங்க வந்தா?"

"ரெண்டு கொரல் கேட்டுச்சே."

ரேடியோவாக இருக்கும் என்று சொல்லிவிட்டு ஏஞ்சல் குளியலறைக்குப் போய்க் கண்ணாடியில் இடது காதைப் பார்த்தாள். வெளியே பழைய காதுதான். துவாரத்தில் சுண்டுவிரலை வைத்தாள். முதல் கணு வரை தடையில்லாமல் போனது. சட்டென்று உருவிக்கொண்டாள். விரல் நுனி ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தது.

வியாழக்கிழமை தி. நகரில் காது மருத்துவர் ஷாகிராவிடம் போனாள். நாற்பது வயதுக்காரர், சிரித்த முகம். தலையைச் சாய்க்கச் சொல்லி, விளக்கு வைத்த கருவியை இடது காதுக்குள் விட்டுக் கண்ணை வைத்தார். நேரமாயிற்று. ஏசி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"கொஞ்சம் பாடாம இருங்கம்மா," என்றார்.

"நான் பாடலையே டாக்டர்."

மருத்துவர் நிமிர்ந்தார். ஏஞ்சலின் உதடுகளைப் பார்த்தார். பிறகு மறுபடி குனிந்து காதுக்குள் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை என்பது நன்றாகவே தெரிந்தது. கருவியைத் துடைத்து வைத்துவிட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்.

"அழுக்கு எதுவும் இல்ல. ஆனா உள்ள சவ்வு இருக்கணும், அது எனக்குத் தெரியல. துவாரம் தூரமாப் போகுது. ஸ்கேன் எடுத்துருவோம். அதுவரைக்கும் இயர்போன் போடாதீங்க."

"சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் டாக்டர். அப்பறம் தொடவே மாட்டேன்."

"இன்னிக்கே எடுங்கன்னு சொல்றேன்," என்றார் ஷாகிரா. அவர் சிரிக்கவில்லை.

இன்றைக்கு எடுத்தால் இன்றைக்கே ஏதாவது சொல்வார்கள். மேடை ஏறாதே என்பார்கள். ஆஃப்ரீன் பாடுவாள், நன்றாகவும் பாடுவாள், அதோடு தன் கதை முடிந்தது. ஏஞ்சல் ஸ்கேன் சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, இருப்பதிலேயே பெரிய ஸ்பாஞ்சு டிப்பை நசுக்கி உள்ளே விட்டாள். அது உள்ளே போய் விரிந்து அடைத்துக்கொண்டது. கண்ணை மூடிப் பாடினாள். பல்லவி நன்றாக வந்தது. சரணத்தில் உச்சிக்கு ஏறும்போது வழக்கம்போலத் தன் குரல் ஒரு நூலளவு இறங்குவதை வலது காதில் கேட்டாள். இடது காதில் அது இறங்கவில்லை. அதே பாட்டு, அதே குரல், அதே இடம். ஆனால் சுத்தமாக நின்றது. அவள் பதினோரு வருடமாக எட்டிப் பிடிக்கப் பார்த்த இடத்தில் அலட்டிக்கொள்ளாமல் நின்றது.

பாடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அது அடுத்த அடிக்குப் போனது. ஏதாவது ஒலிப்பதிவு ஓடுகிறதோ என்று கைப்பேசியை நிறுத்தக் கையை நீட்டினாள். இயர்போன் ஒயரின் முனை எதிலும் செருகப்படாமல் கட்டில் விரிப்பின் மேல் கிடந்தது.

பயந்தாள். ஆனால் உண்மையைச் சொல்வதென்றால் அதைவிட அதிகம் அழுகைதான் வந்தது. ஆத்திரத்திலும் பொறாமையிலும் வந்த அழுகை. என் தொண்டையைக் கிழித்துக்கொண்டும் எனக்கு வராதது இதற்கு மட்டும் எப்படி வருகிறது? கண்ணைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு மெல்ல, அதைப் பின்தொடர்ந்து பாடிப் பார்த்தாள். அது போன இடத்துக்கு அவள் குரலும் போனது. நாளைக்கு ஒரு நாள். ஒரே ஒரு பாட்டு.

சனிக்கிழமை வடபழனி மண்டபம் நிறைந்திருந்தது. மல்லிகை, பிரியாணி, புதுப் பட்டு, வியர்வை எல்லாம் கலந்த வாசனை மேடை வரைக்கும் ஏறி வந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் பூ நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் லாரன்ஸ் அண்ணன் கீபோர்டின் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஏஞ்சல் திரும்பி நின்று, உச்சி ஸ்வரத்தை மெல்லப் பிடித்து, இடது பக்கத்தை உள்ளே விட்டாள். அழுத்த வேண்டியிருக்கவில்லை. விரலிலிருந்து காது அதைத் தானாகவே உள்ளே இழுத்துக்கொண்டது. மண்டபத்துச் சத்தம் அவிந்தது.

பல்லவி. பிசிறில்லை. லாரன்ஸ் அண்ணனின் புருவம் இறங்கியது. அனுபல்லவி. பெரியவர்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டு மேடையைப் பார்த்தார்கள். இடது காதில் அது முன்னால் போக, இவள் பின்னால் போனாள். சரணம் தொடங்கியது. மேலே ஏறுகிற படி வந்தது. மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள்.

குரல் வரவில்லை.

தொண்டையில் காற்றுக்கூட இல்லை. வாய் திறந்தபடி நின்றது. பாட்டு மட்டும் நிற்கவில்லை. தலைக்குள் அது ஏறிக்கொண்டே போனது.

டில்லிபாபு ஏதோ ஒலிப்பதிவைப் போட்டுக் காப்பாற்றுகிறார் என்று நினைத்து சவுண்டு மிக்ஸர் பக்கம் பார்த்தாள். அவர் ஒரு பொத்தானை மேலே தள்ளிவிட்டு, கையை விரித்துக் காட்டினார். கேட்கவில்லை, கேட்கவில்லை. லாரன்ஸ் அண்ணனும் கையை உயர்த்தி ஆட்டினார். சத்தம். இன்னும் சத்தம்.

வாயை மூடினாள். உதட்டைக் கடித்தாள்.

பாட்டு நிற்கவில்லை.

இது வேண்டாம். இடம் வேண்டாம். ஆஃப்ரீனே பாடட்டும். இடது கையால் ஒயரைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. உள்ளே யாரோ பிடித்திருந்தார்கள். முழு பலத்தையும் கூட்டி இழுத்தாள். சப்பென்று ஒரு சத்தத்தோடு கழன்றது.

தலைக்குள் கேட்டது வெளியே வந்தது.

மேடை முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு முதலில் கேட்டது. அவர்கள் முகம் மலர்ந்தது. யாரோ கை தட்டினார்கள். டில்லிபாபு கட்டைவிரலை உயர்த்தி, இன்னும் கிட்ட, மைக்கை இன்னும் கிட்டக் கொண்டுபோ என்று சைகை காட்டினார்.

ஏஞ்சலின் வலது கை நகர்ந்தது.

அவள் நகர்த்தவில்லை. மைக் உதட்டைவிட்டு விலகியது. கன்னத்தைத் தாண்டியது. இடது கையால் மணிக்கட்டைப் பிடித்தாள். தொங்கினாள். நிற்கவில்லை. பல்லை இறுக்கி, உதட்டை இறுக்கி, கண்ணீர் வழிய நின்றவளின் இடது காதோரம் மைக் போய் நின்றது.

உச்சி ஸ்வரம் வந்தது. துல்லியமாக வந்தது. மண்டபம் எழுந்து நின்று கை தட்ட, அந்த ஸ்வரத்தை நீட்டிப் பிடிப்பதற்காக அவளுடைய இடது காது மெல்ல, இன்னும் அகலமாக, தாடையை இறக்கித் திறந்தது.