ஏழு டோக்கன், எட்டுக் குரல்

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றே கால். தவக்கால வெள்ளிக்கிழமை என்பதால் தீயணைப்பு நிலையத்துச் சமையலறையில் பியரோகி விற்பனை நடந்துகொண்டிருந்தது. உருளைக்கிழங்குப் பூரணத்தை வைத்து மடித்துக்கொண்டிருந்த மாவுக் கையோடுதான் வண்டியில் ஏறினோம். வெங்காயமும் வெண்ணெயும் வதங்கிய வாசனை எல்லார் மேலும் இருந்தது. சுரங்க மேட்டுத் தெருவின் கடைசி வீடு அது. பழைய மரவீடு, குடித்தனம் காலியாகி இரண்டு வருடம் ஆகிறது. மாடி ஜன்னல் வழியாகப் புகை அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தது. கொல்லைப் பக்கம் பனி கணுக்கால் அளவு கிடந்தது, அதில் ஒரு காலடி கூட இல்லை.

பென்சில்வேனியாவில் எங்கள் ஊரைப் போன்ற சுரங்க ஊர்களில் தீயை அணைக்கச் சம்பளத்துக்கு ஆள் கிடையாது. மெக்கானிக், பஸ் ஓட்டுபவர், பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என்னைப் போன்றவள் என்று யார் சும்மா இருக்கிறார்களோ அவர்கள் சைரன் கேட்டு ஓடுவோம். அதற்கும் ஆள் போதாமல் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறோம். பதினான்கு வயதிலிருந்து பதினேழு வரை. ஜூனியர் என்று பெயர், தலையில் நீல ஹெல்மெட். பதினாறு வருடமாக அவர்களுக்குப் பொறுப்பு லோர்னா ஹுடாக், அதாவது நான்.

அவர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. ஹோஸ் சுருட்டலாம். காலியான மூச்சுக்காற்று சிலிண்டரை மாற்றலாம். தண்ணீர் பாட்டில் நீட்டலாம். பள்ளி நேரத்தில் வரக்கூடாது, இரவு பத்துக்கு மேல் வரக்கூடாது. வாக்கி டாக்கியைக் காதில் வைத்துக் கேட்கலாம், அதில் பேசக்கூடாது. ஆரஞ்சுக் கூம்புகள் நிற்கிற கோட்டைத் தாண்டி ஓரடி கூட எடுத்து வைக்கக்கூடாது. கல்யாணத்துக்கு வந்து வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்புகிற மாதிரி இருக்கிறது என்று ஒரு பையன் என்னிடம் அலுத்துக்கொண்டான். அப்படித்தான் இருக்கும், பழகிக்கொள் என்றேன்.

அந்தப் பையன் பெயர் எம்மெட் சேபல்.

உள்ளே போகிற ஒவ்வொருவரும் தன் பெயர் போட்ட டோக்கனை வெளியே நிற்கும் பலகையில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை நான் வாக்கி டாக்கியில் பெயர்களை வரிசையாகப் படிப்பேன். உள்ளே இருப்பவர் ‘இருக்கேன்’ என்று சொல்ல வேண்டும். வெளியே வந்ததும் அவரவர் டோக்கனை எடுத்துக்கொள்வார்கள். பலகை காலியானால் வீடும் காலி. ஜூனியர்களுக்கு டோக்கன் கிடையாது. உள்ளேயே போகாதவர்களுக்கு எதற்கு டோக்கன்?

ஆறு வருடம் முன்பு ஒரு தீயில் எம்மெட் சிலிண்டர் மாற்றிக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து யாரோ இன்னொரு சிலிண்டர் கேட்டிருக்கிறார்கள். எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவன், அதற்கு மேலும் போய்விட்டான். நான் ஐந்து டோக்கனைப் படித்தேன். ஐந்து குரல் வந்தது. ஐந்து பேரும் வெளியே வந்தார்கள். எல்லாரும் வந்தாச்சு என்று நான்தான் அறிவித்தேன். கூரை விழுந்தது. நாங்கள் காபி குடித்தோம். ஐந்தரை மணிக்கு அவன் அம்மா காரில் வந்து, எம்மெட் எங்கே என்று கேட்டாள். அப்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

அவனை எடுத்தபோது வாக்கி டாக்கி கையிலேயே இருந்தது. வேலை செய்கிற நிலையில்தான் இருந்தது. அவன் அதில் பேசவில்லை. ஜூனியர் பேசக்கூடாது என்று நான் சொல்லியிருந்தேன் அல்லவா. ஒரு விதியை மீறியவன் இன்னொன்றை மீறாமலே செத்தான்.

அன்றைக்கு எனக்குள் அணைந்தது எதுவோ, அது திரும்பப் பற்றவில்லை. அழுகையும் வரவில்லை.

அடுத்த மாதம் ஒரு தானியக் கொட்டகையில் தீ. நான்கு டோக்கன். நான்கு பெயர் படித்தேன், நான்கு பதில் வந்தது. பிறகு ஐந்தாவதாக, மெல்ல, இப்போதுதான் உடைந்த குரலில் ஒரு பையன், ‘இருக்கேன்’ என்றான். எங்கள் தலைவர் வால்ட் யுர்கோனிஸ் இரண்டு பேரை உள்ளே அனுப்பித் தேடச் சொன்னார். யாரும் இல்லை. அந்த இரண்டு பேரில் ஒருவர் இன்று சக்கர நாற்காலியில் இருக்கிறார். அதிலிருந்து எங்களுக்குள் எழுதாத ஒரு விதி வந்தது. கடைசி டோக்கனோடு காதை மூடிக்கொள்ள வேண்டும். ஜூனியர்களிடம் காரணம் சொல்லக்கூடாது, சொன்னால் எந்த அம்மா பிள்ளையை அனுப்புவாள் என்பது வால்ட்டின் வாதம். நானும் தலையாட்டினேன்.

அன்று மேட்டுத் தெருவில் பலகையைப் பிடித்து நின்றவள் டெஸ் வார்கோ. பதினைந்து வயது, ஒல்லி, ஹெல்மெட் புருவம் வரை இறங்கியிருக்கும். முதல் நிஜத் தீ. ஏழு டோக்கனையும் நேராக நிற்கிறதா என்று திருப்பித் திருப்பிச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் கணக்கெடுப்பு. ஏழு பெயர் படித்தேன். ஏழு பதில்.

‘இருக்கேன்.’

எட்டாவது.

டெஸ் பலகையை எண்ணினாள், என்னைப் பார்த்தாள். யாரோ இரண்டு தடவை பதில் சொல்லியிருப்பார்கள் என்றேன். என் குரல் எனக்கே தபால் ஆபீஸ் கவுண்டரில் கேட்கிற குரல் மாதிரி இருந்தது.

புகை கறுத்தது. தார் எரிகிற நாற்றத்தோடு, நனைந்த கம்பளியின் வாடை ஒன்றும் வந்தது. இருபது நிமிடம் கழித்து மறுபடி படித்தேன். ஏழு பதிலுக்குப் பிறகு அது சும்மா இருக்கவில்லை.

‘இருக்கேன். படிக்கட்டுக்குக் கீழ.’

இத்தனை வருடத்தில் அது அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. டெஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சின்னப் பையன் குரல் லோர்னா. யாரோ பக்கத்து வீட்டுப் பிள்ளை உள்ள போயிருக்கான். சீஃப்கிட்ட சொல்லுங்க.”

“பலகைல எத்தனை இருக்கு?”

“ஏழு.”

“அப்போ ஏழுதான். உன் வேலை அதோட முடிஞ்சுது.”

அவள் என் கையை விட்டாள். அவள் பார்த்த பார்வையை நான் புரிந்துகொண்டேன். உயிரோடு இருக்கிற ஒரு பிள்ளையை நான் சாக விடுகிறேன் என்று நினைக்கிறாள். எம்மெட்டைப் பற்றிச் சொல்ல அரை நிமிடம் போதும். நான் சொல்லவில்லை, வாட்சைப் பார்த்தேன்.

நான்கு மணிக்கு மேல் கூரை முனகத் தொடங்கியது. வால்ட் எல்லாரையும் வெளியே கூப்பிட்டார். ஏழு பேரும் வந்து டோக்கனை எடுத்துக்கொண்டார்கள். காலிப் பலகை வண்டியின் பம்பரில் சாய்ந்திருந்தது. கூம்புகளை எடுக்கச் சொல்லலாம் என்று டெஸ்ஸைத் தேடினேன்.

இல்லை.

கொல்லைப் பனியில் சின்ன பூட்ஸ் தடம். இரண்டு கூம்புகளுக்கு நடுவே புகுந்து, பின்வாசல் வரை போயிருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை.

வாக்கி டாக்கி கரகரத்தது. “லோர்னா, நான் பாத்துட்டேன். இங்க ஒரு பையன் உக்காந்திருக்கான். எழுந்திரிக்க மாட்டேங்கிறான்.”

வால்ட்டிடம் ஓடினேன். அவரும் கேட்டிருந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அதுதான் லோர்னா. விடு.”

“அது டெஸ், வால்ட். தடம் இருக்கு, வந்து பாரு.”

“கொட்டகையிலயும் நம்பித்தானே ஆள் அனுப்புனேன். இனி ஒருத்தரையும் அனுப்ப மாட்டேன். பலகை காலி.”

நாங்கள் போட்ட விதி அது. வால்ட் இரண்டாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவர், நல்லவர்தான். அவரிடம் கோபம் கூட வரவில்லை. சிலிண்டரை முதுகில் மாட்டினேன், முகமூடியை இழுத்தேன். என் டோக்கனை நான் பலகையில் மாட்டவில்லை. மாட்ட நேரமில்லை என்று பிறகு எழுதிக்கொடுத்தேன்.

பின்வாசல், சமையலறை. நீட்டிய என் கையே எனக்குத் தெரியவில்லை. சுவரைத் தடவித் தடவி முழங்காலில் போனேன். என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு அதுவும் தனியாக இல்லை. பக்கத்தில் இன்னொரு மூச்சு.

படிக்கட்டுக்குக் கீழே ஒரு பொந்து. விளக்கை அடித்தேன். நீல ஹெல்மெட். டெஸ் முதுகை நிமிர்த்தி, முழங்கால் மேல் கைகளை வைத்து, வகுப்பில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. முகமூடி இல்லாத யாராலும் அந்தப் புகையில் இரண்டு நிமிடம் தாங்க முடியாது. அவள் இருமவில்லை.

கையைப் பிடித்தேன். தடித்த கையுறையைத் தாண்டிக் குளிர் ஏறியது.

அதையெல்லாம் நான் கவனித்தேன். கவனித்து ஓரமாக வைத்தேன். ஒரு பிள்ளையை விட்டுவிட்டு வந்தவளுக்குக் கையில் ஒரு பிள்ளை கிடைத்தால் கேள்வி எழாது. காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பினேன். பொந்தின் உள்பக்கத்திலிருந்து ஏதோ என் பூட்ஸைப் பிடித்தது. விழுந்த பலகை என்று நினைத்து உதறினேன். மறுபடி பிடித்தது. ஓங்கி உதைத்தேன், விட்டது.

பனியில் வந்து விழுந்தபோது பின்னால் கூரை இறங்கியது. ஆட்கள் என் முதுகில் தட்டினார்கள். வால்ட் தொப்பியைக் கழற்றிவிட்டு அழுதார். டெஸ்ஸை ஆம்புலன்ஸின் படியில் உட்கார வைத்து ஆக்சிஜன் முகமூடி போட்டார்கள். நாடி, மூச்சு எல்லாம் நன்றாக இருக்கிறது, ஒரு கீறல் கூட இல்லை என்றார் மருத்துவ உதவியாளர். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆறு வருடத்துக்குப் பிறகு முதல் தடவை.

கிளம்பும் முன் கடைசியாக ஒரு கணக்கெடுப்பு உண்டு. ஏழு பெயரும் படித்தேன். இனிமேல் எந்த ஜூனியரையும் எண்ணாமல் விடக்கூடாது என்று தோன்றியது. டோக்கன் இல்லாவிட்டாலும், அவள் பெயரையும் படித்தேன்.

“டெஸ் வார்கோ.”

அவள் என்னிலிருந்து மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை.

வாக்கி டாக்கியில் ஒரு பெண்பிள்ளை இருமினாள்.

‘இருக்கேன்.’

தெருவில் எல்லாரும் ஹோஸ் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். வால்ட் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் வாயிலிருந்து அடுத்த பெயர் எப்படி வந்தது என்று தெரியாது. கிசுகிசுப்பாகத்தான் சொன்னேன்.

“எம்மெட் சேபல்.”

ஆம்புலன்ஸ் படியில் இருந்தவள் முகமூடியைக் கீழே இறக்கினாள். இப்போதுதான் உடைந்த குரலில், பணிவாகச் சொன்னாள்.

“இருக்கேன்.”

வால்ட் தன் வாக்கி டாக்கியை அணைத்துவிட்டார். அன்று முதல் அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. நான் மட்டும் உள்ளே இன்னும் ஒரு ஆள் இருக்கிறது என்று கத்தினேன். அதிர்ச்சியில் பேசுகிறேன் என்று நினைத்தாலும் மூன்று நாள் சாம்பலைக் கிளறினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காது, ஆள்தான் வெளியே வந்துவிட்டதே.

டெஸ்ஸின் அம்மா அன்று மாலையே வந்து மகளைக் கட்டிக்கொண்டாள். எனக்கு நன்றி சொல்லி என் கையில் முத்தமிட்டாள். அவளிடம் நான் என்ன சொல்வது? முன்பெல்லாம் எதிர்த்துப் பேசுவாள், இப்போது சொன்ன பேச்சுக் கேட்கிறாள் என்று போன வாரம் பெருமையாகச் சொன்னாள். உண்மைதான். வெள்ளிக்கிழமைகளில் வந்து என் பக்கத்தில் நின்று பியரோகி மடிக்கிறது அந்தப் பிள்ளை. தீ என்றால் கூம்புகளுக்கு இந்தப் பக்கமே நிற்கிறது. மாவு அதன் விரலில் ஒட்டுவதில்லை.

நான் வாக்கி டாக்கியை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். அடுப்பங்கரை ஜன்னலில் வைத்திருக்கிறேன். பேட்டரியைக் கழற்றிப் பார்த்தேன், வித்தியாசம் இல்லை. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை அது கரகரக்கிறது. இருமல் கேட்கிறது.

‘லோர்னா, என் பேரைப் படிங்க.’

படிக்கிறேன். ‘இருக்கேன்’ என்கிறாள். அடுத்த இருபது நிமிடம் ஆகும்வரை நான் பாத்திரம் கழுவுகிறேன்.