நடந்ததாக எழுதிய உரையாடல்

மாய்-லிஸ் தப்பான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

மருத்துவமனையின் ஆலோசனை அறையில் மூன்று நாற்காலிகள். ஒன்று மருத்துவருக்கு. அதற்கு எதிரே நோயாளிக்கு. சுவரோரம் இருப்பது கூட வருபவருக்கு. மாய்-லிஸ் தனியாக வந்திருந்தார். கணவர் ஆல்வார் இறந்து ஒன்பது நாள் ஆகிறது. ஆனாலும் அவர் எதிர் நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்திருந்தார்.

நுரையீரல் மருத்துவர் குன்வோர் கதவிலேயே நின்றாள். மணி மூன்று. வடதேசத்து டிசம்பர், அதற்குள் ஜன்னல் கறுத்துவிட்டது. வெளியே பனி வாரும் வண்டி இரும்பைத் தரையில் தேய்த்துக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தது. சுவரில் வெந்நீர்க் குழாய் விட்டுவிட்டுச் சொடுக்கியது. அறையில் ஈரக் கம்பளியும் ஆறிய காப்பியும் கலந்த வாடை, அதற்கு அடியில் இன்னொன்று, குளிர்பெட்டியைத் திறந்தால் முகத்தில் மோதும் அந்த மணமில்லாத மணம்.

வரும் வழியில் செயலாளர் அன்னெலி மறித்திருந்தாள். மருத்துவர்கள் ஒலிப்பதிவில் சொல்வதைத் தட்டச்சு செய்பவள்.

"நான் காப்பிக்குக் கூப்பிட்டா உனக்கு நேரமில்லை. இந்தம்மா கூப்பிட்டதும் ஓடறே."

"ரெண்டே நிமிஷம், அன்னெலி."

"உன் ரெண்டு நிமிஷத்தைத் தட்டச்சு பண்ணினவ நான். ஆல்வார் குறிப்புல, மத்தியானம் ரெண்டு மணிக்கு நோயாளிகிட்டேயும் மனைவிகிட்டேயும் பேசியாச்சுன்னு இருக்கு. உன் குரல் எனக்கு வந்தது காலைல பத்து மணிக்கு. நான் யார்கிட்டேயும் சொல்லல. திருத்தம் போடறதா இருந்தா இன்னிக்கே போடு. அஞ்சு வரைக்கும் இருப்பேன்."

ஆல்வாரிடம் பேசவேண்டிய அன்று காலை, நேரம் மிச்சம் பிடிக்க, குன்வோர் குறிப்பை முன்கூட்டியே ஒலிப்பதிவில் சொல்லிவைத்தாள். எல்லாருக்கும் அதே வாக்கியங்கள்தானே. நோயின் நிலை விளக்கப்பட்டது. நோயாளி புரிந்துகொண்டார். கேள்விகள் இல்லை. ஒன்றரை மணிக்கு ரத்தமாக இருமிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். ஐந்து மணிக்கு குன்வோர் திரும்பியபோது வேறொரு மருத்துவர் ஆல்வாரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். குறிப்பு கையொப்பமாகி, நோயாளியும் படிக்கும்படி இணையத்தில் ஏறிவிட்டது. திங்களன்று தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்றிருந்தாள். ஞாயிறன்று அவர் இறந்தார்.

"உட்காருங்க, குன்வோர்," என்றார் மாய்-லிஸ்.

உட்கார்ந்தாள்.

"வீட்டுக்கு அனுப்பின அன்னிக்கு ராத்திரியே அவர் போன்ல தன் குறிப்பைப் படிச்சார். சமையலறையில. 'மாய்-லிஸ், டாக்டர் எப்போ எங்கிட்ட பேசினாங்க?'ன்னார். எனக்கும் ஞாபகமில்லை. ஆனா நானும் கூட இருந்தேன்னு எழுதியிருக்கு. டாக்டர் பொய்யா எழுதுவாங்களா?"

குழாய் சொடுக்கியது.

"நோய் மூளைக்கும் ஏறிடுச்சுன்னு பயந்துட்டார். நாப்பது வருஷம் காட்டுல மரம் வெட்டற வண்டி ஓட்டினவர். அவர் அம்மா செத்தப்பக்கூட அழல. அன்னிக்கு அழுதார். 'நான் புரிஞ்சுகிட்டேன்னு போட்டிருக்கே, நான் என்ன புரிஞ்சுகிட்டேன், மாய்-லிஸ்?'ன்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்ன டாக்டரா? ஆமா, பேசினாங்க, நல்லாப் பேசினாங்க, வசந்தத்துக்குள்ள சரியாயிடும்னாங்கன்னு சொன்னேன். கண்ணைத் தொடச்சுகிட்டார். ரெண்டு ரொட்டி சாப்பிட்டார். எத்தனையோ நாளுக்கப்புறம்."

குன்வோர் தன் கைகளைப் பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பேசினீங்களா, இல்லையா? பேசலைன்னா பரவாயில்ல. அப்போ என் தலை நல்லாத்தான் இருக்குன்னு ஆகும். அவர்கிட்டயும் சொல்லிடுவேன்."

"அவர்கிட்டயா?"

"அவருக்கு இன்னும் தெரியாதே. யாரும் சொல்லலைன்னா எப்படித் தெரியும்?"

துக்கம், என்று நினைத்தாள். துக்கத்தில் இப்படிப் பேசியவர்களை அவளுக்குத் தெரியும். அடக்கத்துக்கு இன்னும் பத்து நாள். உடல் இதே கட்டடத்தின் அடித்தளத்தில், குளிரறையில். இவரிடம் மூன்று வாக்கியம் சொன்னால் போதும். நான் பேசவில்லை. முன்பே எழுதிவிட்டேன். தப்பு என்னுடையது. மூன்றும் நாக்கில் இருந்தன. அவற்றுக்குப் பின்னால் விசாரணை, கடிதங்கள், பத்தொன்பது வருட வேலை.

"பேசினேன்," என்றாள். "நீங்க ரெண்டு பேரும் களைச்சிருந்தீங்க. மறந்திருப்பீங்க."

மாய்-லிஸ் முகத்தில் கோபமில்லை. தன் நெற்றியை மட்டும் ஒருமுறை தொட்டுக்கொண்டார், அங்கே என்ன மிச்சமிருக்கிறது என்று பார்ப்பவர் போல.

"அப்போ என் தலைதான்," என்றார். "சரி. உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியும். இன்னொரு தடவை சொல்லிடுங்க. மேல வந்துகிட்டிருக்கார்."

தாழ்வாரத்தின் கோடியில் மின்தூக்கி கிளம்பும் ஓசை. கீழேயிருந்து.

பனி வாரும் வண்டி நின்றுவிட்டது. குழாயும். அன்னெலியின் தட்டச்சுச் சத்தம் எங்கே? மின்தூக்கி நின்றது. கதவு திறந்தது. மூடவில்லை.

காலடி. காலணி இல்லாத காலடி.

ஒன்று. நெடுநேரம் கழித்து இன்னொன்று.

எழ நினைத்தாள். முடியவில்லை.

குளிர் முதலில் வந்தது. கணுக்காலில். முழங்காலில்.

பிறகு ஆல்வார்.

வெள்ளைச் சட்டை. மணிக்கட்டில் பெயர்ப்பட்டை. தாடையைத் தூக்கிக் கட்டிய துணி. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். கைகளை முழங்கால்மேல் வைத்தார். மார்பு ஏறவில்லை. இறங்கவில்லை. கண்கள் மட்டும் அவள்மேல். மரியாதையாக. முடிவு கேட்க வந்த எல்லாரையும் போல.

மாய்-லிஸ் அவர் கையை எடுத்துத் தன் இரு கைகளுக்குள் வைத்துத் தேய்த்தார்.

"அவரால பேச முடியாது. நான் கேக்கறேன். வசந்தத்துல மறுபடி வண்டி ஏறலாமான்னு கேக்கறார்."

சொல்லிவிடு. நீங்கள் இறந்துவிட்டீர்கள், ஆல்வார். மன்னியுங்கள். இவ்வளவுதான்.

அவர் சற்று முன்னால் சாய்ந்தார். அந்தக் கண்களில் இருந்தது நம்பிக்கை. வேறெதுவாக இருந்தாலும் அவளால் தாங்கியிருக்க முடியும்.

"பார்க்கலாம்," என்றாள் குன்வோர்.

மாய்-லிஸ் மெல்லத் தலையசைத்தார். அழத் தொடங்கினார், சத்தமில்லாமல். "கேட்டீங்களா? பார்க்கலாமாம். வாங்க, வீட்டுக்குப் போகலாம்."

அவர்கள் போன பிறகும் குளிர் போகவில்லை. குன்வோர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கீழே, விளக்குக் கம்பத்தடியில், மாய்-லிஸ் அவரை முன் இருக்கையில் உட்காரவைத்து, குனிந்து சீட் பெல்ட்டை மாட்டினார். குளிரில் இன்ஜின் உறையாமலிருக்க மாட்டியிருந்த மின்கம்பியைப் பிடுங்கிச் சுருட்டினார். ஏறிக் கதவைச் சாத்தினார். வண்டி கிளம்பவில்லை. அவர் கையை ஆட்டி ஆட்டிக் கணவரிடம் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். முன்கண்ணாடி மூச்சில் மங்கத் தொடங்கியது.

மாய்-லிஸ் பக்கம் மட்டும்.

மறுபாதி தெளிவாகவே இருந்தது. அதன் வழியே ஆல்வார் நிமிர்ந்து அவளுடைய ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.