குறை இல்லாத மூச்சுப்பெட்டி

செவ்வாயின் பதினேழாம் சுரங்கத்தெருவில் கண் விழித்தவர்கள் முதலில் மூச்சுப்பெட்டியைத்தான் பார்ப்பார்கள். வீட்டுக்குள் காற்றைக் காய்ச்சித் தரும் பெட்டி அது. பச்சை விளக்கு எரிந்தால் தேநீர் போடலாம். அன்று மாடத்தி வீட்டில் மஞ்சள் எரிந்தது. இன்னும் நான்கு நாள்தான் ஓடும். அதற்குள் புதிது வாங்கியாக வேண்டும்.

மாடத்தி பனிச்சுரங்கத்தில் பாறை சுமப்பவள். நாற்பது வயதுக்கு மேல்தான் எழுத்துக் கற்றாள். அதனால் எழுத்தின்மேல் அவளுக்குப் பெரிய மரியாதை. இடுப்பு கழன்று வந்தாலும் கருத்துப்பலகையின் முன் உட்கார்ந்து, வாங்கியவர்கள் எழுதியதையெல்லாம் விரல் வைத்துப் படித்தாள். இரண்டு நாள் அதிலேயே போனது.

"ஏட்டி, மூச்சு முட்டும்போதும் இன்னும் ரெண்டு வரி இருக்குன்னுதான் சொல்லுவ," என்றான் அவள் புருஷன் எசக்கி.

"சும்மா கெடங்க. 'கொண்டல்' பெட்டிக்கு எம்புட்டுக் குறை! ஆறு வருசமா கடகடங்குதாம். ஒருத்தி கருவாட்டு நாத்தங்கா. 'தென்றல்' பெட்டியப் பாருங்க. நானூறு பேரு எழுதியிருக்காவ. ஒரு குறை கெடையாது."

மறுநாள் தென்றல் வந்தது. மாட்டி, முதல் மூச்சை இழுத்ததுமே பெட்டி கருத்துக் கேட்டது. ஊர் படிக்க அவள் எழுதும் முதல் எழுத்து. நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டினாள்: "நல்ல காற்று. சத்தமே இல்லை. நம்பி வாங்கலாம்." ஐந்து நட்சத்திரம்.

"ஒரு வருசம் ஓடுச்சுன்னு யாராச்சும் எழுதியிருக்காவளா?" சாயங்காலம் எசக்கி சும்மாதான் கேட்டான்.

தேடினாள். நாற்பது நாளைத் தாண்டி ஒருவர்கூட எழுதியிருக்கவில்லை. அழகாக எழுதியிருந்த ஒன்பதாம் தெருக்காரியை அழைத்தாள். 'குடியிருப்போர் இல்லை' என்று பதில் வந்தது. அடுத்த பெயருக்கும் அதே பதில். ஏழு வீடுகள், ஏழும் காலி. ஒன்பதாம் தெருவில் சாவு விழுந்தபோது தூசிக்காய்ச்சல் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

"செத்தவுக எப்படிங்க குறை எழுதுவாவ?" அவள் தென்றலை அணைத்தாள்.

பழைய பெட்டியில் ஒரு நாள் மிச்சமிருந்தது. அதை மறுபடி மாட்டிவிட்டு எசக்கி கொண்டல் வாங்க ஓடினான். மாடத்தி தன் கருத்தை மாற்றப் போனாள். பலகை மறுத்தது: 'குறை எழுத அறுபது நாள் பயன்படுத்தியிருக்க வேண்டும். அவசரக் குறைகள் ஏற்கப்படா.' அவள் எழுதியதற்குக் கீழே புதிதாக ஒரு வரி: 'இதைப் படித்து வாங்கினேன். ஜெபசீலி.'

பக்கத்து வீட்டுக்காரி. மாடத்தி ஓடிப்போய்க் கதவை இடித்தாள். ஜெபசீலி அப்போதுதான் தென்றலைச் சுவரில் மாட்டி முடித்திருந்தாள். எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டுக்கொண்டாள்.

"மதினி, வாயால ஆயிரம் சொல்லலாம். பலகையில இருக்கா?"

"எழுத விட மாட்டேங்குது ஜெபசீலி!"

"நானூறு பேரு எழுதியிருக்காவ. நீங்களே எழுதியிருக்கீய, நம்பி வாங்கலாம்னு. இப்ப வந்து வேற சொல்லுதீய. நான் எத நம்ப?"

ஜெபசீலி விசையை அழுத்தினாள். சத்தமே இல்லை. ஒரு மூச்சு இழுத்துப் பார்த்துவிட்டு, மாடத்தி அவள் கையைப் பிடித்து இழுக்க இழுக்க, ஐந்தாவது நட்சத்திரத்தைத் தொட்டாள்.