சீப்பை எடுங்க

“அம்மாவுக்குக் காது கேக்குதுல்ல? அப்புறம் ஏன் நான் பேசுறது புரியல?”

நோயாளியின் ஆறு வயது மகள் கேட்டாள். மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தருபவள் நான். ஒலி காதுக்குள் போகிறது, அதைச் சொல்லாக்கும் இடது மூளையில்தான் அடி என்றேன். அம்மா மாடிப்படியில் விழுந்தாளாம், அவள் கணவன் சொன்னான்.

தினமும் மேஜையில் சீப்பு, சாவி, கரண்டி மூன்றையும் வைப்பேன்.

“சீப்பை எடுங்க.”

அவள் சாவியை எடுப்பாள். மறுநாள் கரண்டியை. போகட்டும் என்று, தையலில் படாமல் அவள் தலையைச் சிக்கெடுத்துப் பின்னிவிடுவேன். என்னால் ஆனது அவ்வளவுதான்.

கணவன் வந்தால் தேனொழுகப் பேசுவான். “கண்ணு, சாப்டியா?” அவள் உடம்பு நடுங்கும்.

“தங்கமான மனுஷன்க்கா,” என்பாள் நர்ஸ். “எங்க வீட்டுக்காரரு பேர் சொல்லிக் கூப்பிட்டாலே திட்டுற மாதிரி இருக்கும்.”

சொல் புரியாதவர்களுக்கும் குரலின் குணம் புரியும். அது வலது மூளையின் வேலை. எனக்குத் தெரியும். தெரிந்தும், ‘பயிற்சிக்கு ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிவிட்டு, இருவரும் தனியாக இருக்கட்டும் என்று திரையை இழுத்துவிட்டேன்.

பத்தே நிமிடம். கட்டில் இரும்பில் மண்டை பிளந்து அவள் செத்துக் கிடந்தாள்.

“விழுந்துட்டா,” என்றான், அதே தேன் குரலில்.

கோர்ட்டில் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டேன். நான் சொன்னால் மகள் அவன் கைக்குப் போகமாட்டாள். சாட்சிக்கு முந்தின நாள் மதியம், ஜாமீனில் வந்திருந்தவன் பயிற்சி அறைக்குள் வந்து கதவைத் தாழிட்டான்.

“கண்ணு, நாளைக்கு வரமாட்டதானே?”

கூந்தலைப் பற்றி, சீப்பும் சாவியும் கரண்டியும் கிடந்த மேஜையில் என் முகத்தை மோதினான். பல் தெறித்தது. மறுபடியும் மோதினான்.

கடவுளே என்றேன். சத்தம் வரவில்லை.

அவள் தையலுக்குப் போட்ட மருந்தின் வாடை அடித்தது.

அவன் பிடி தளர்ந்தது.

“சீப்பை எடுங்க.”

என் சொல். அவள் குரல்.

அவன் தலையின் இடப்பக்கம் சுவரில் மோதியது. மறுபடி. மறுபடி. எலும்பு நொறுங்கியது. அவனை யாரும் பிடித்திருக்கவில்லை.

நான் மயங்கினேன்.

விழித்தபோது மூலையில் ரத்தத்தில் உட்கார்ந்திருந்தான். “அசையாதீங்க, டாக்டரைக் கூப்பிடுறேன்,” என்றேன். புரியாமல் என் உதட்டையே பார்த்தான். பிறகு காதோரம் எதையோ கேட்டு நடுங்கினான். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் சாட்சி சொன்னேன். மகள் சித்தியோடு போனாள். இதை மட்டும் எவரிடமும் சொல்லவில்லை.

அன்று நான் விழித்தபோது, அவன் பிய்த்த என் கூந்தல் காயத்தில் படாமல் சிக்கெடுத்துப் பின்னியிருந்தது. கதவு உள்தாழ் போட்டபடியே இருந்தது.

மேஜையில் சாவியும் கரண்டியும் மட்டும் இருந்தன.