சுவர் போட்டிருந்த வளையல்கள்

கோவளம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்காக அந்தக் காலத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அது ரூத்தின் வீடு. இந்தப் பக்கம் நாலு மாடி, அந்தப் பக்கம் ஐந்து மாடி. நடுவில் நாட்டு ஓடு போட்ட அந்தக் குட்டி வீடு, இரண்டு யானைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட முயல் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

முயல்தானே என்று லேசாக நினைத்துவிடாதீர்கள். அந்தக் கடற்கரைக்கு வந்த புயல்கள் எல்லாம் அந்த வீட்டை ஒரு தள்ளு தள்ளிப் பார்த்து, மூச்சு வாங்கி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பிப் போயிருக்கின்றன.

அப்பேர்ப்பட்ட வீட்டுக்கு இரண்டு வருடமாக ஒரு வியாதி. சுவர் உதிர்ந்தது. இட்லி மேல் உதிர்ந்தது, சாம்பாரில் உதிர்ந்தது. காலையில் எழுந்தால் வீட்டில் எல்லோருக்கும் தலை நரைத்திருக்கும். ரூத்தின் தம்பி ஜோயலுக்கு நாலு வயது. அவனும் தாத்தா மாதிரிதான் எழுந்து வருவான்; எல்லோரும் சிரிப்பார்கள்.

போன வாரம் அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று. முறம் அளவுக்கு ஒரு சிமெண்டுப் பத்தை பெயர்ந்து ஜோயலின் தலையணை மேல் விழுந்தது. நல்லவேளை, அவன் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தான்.

அப்பா சாலமோன் நாவலூரில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவர். அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

“திங்கக்கெழம ஜேசிபி வருது. இடிச்சிடலாம். ஊரப்பாக்கத்துல வாடகை வூடு பார்த்துட்டேன்.”

“என் ஸ்கூலு, நைனா? ஃபர்சானா?” என்றாள் ரூத்.

“புள்ள தலைல செவுரு வுழுந்தா இன்னா பண்ணுவ?”

ரூத் ஜோயலின் தலையணையைப் பார்த்தாள்.

சனிக்கிழமை மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். அடுத்த தெருவிலிருந்து ரூத்தின் தோழி ஃபர்சானா உதவிக்கு வந்தாள். அவளும் ரூத்தும் அம்மா வசந்தாவும் சேர்ந்து பீரோவைத் தள்ளினார்கள். அதைத் தள்ளுவதற்கு மாமல்லபுரத்து உருண்டைப் பாறையையே தள்ளிவிடலாம். இரண்டு வருடத்துக்கு முன்னால் வீடு முழுக்க சிமெண்ட் பூசியபோது சாலமோனே, “அது கெடக்குது வுடு” என்று பீரோவுக்குப் பின்னால் மட்டும் பூசாமல் விட்டிருந்தார்.

பீரோ நகர்ந்தது. மூன்று பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

பின்னாலிருந்த சுவர் முட்டை ஓடு மாதிரி வழவழவென்று இருந்தது. அதற்குள் பொடிப்பொடியாகக் கிளிஞ்சல்கள் மின்னின. ரூத் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். ஜில்லென்றது.

“இன்னாடி, செவுத்தப் போய் கொஞ்சிகினு கீற?” என்றாள் ஃபர்சானா.

“என் கன்னத்துல மாவு ஒட்டிகீதா பாரு.”

“இல்லியே.”

பக்கத்தில் சிமெண்ட் பூசிய இடத்தில் மறு கன்னத்தை வைத்தாள். “இப்ப?”

“பாதி மேக்கப்ல ஓடிவந்த கல்யாணப் பொண்ணு மாதிரி கீற.”

ரூத் சிரிக்கவில்லை. அதே சுவர், அதே உப்புக் காற்று. பழைய இடம் நன்றாக இருக்கிறது. புதிதாகப் பூசிய இடம் உதிர்கிறது. இது என்ன நியாயம்?

தோசைத் திருப்பியை எடுத்துவந்து சிமெண்டின் ஓரத்தில் நெம்பினாள். ஒரு பத்தை கழன்று விழுந்தது. உள்பக்கம் சொதசொதவென்று ஈரம்.

வாசல் கொடியில் அப்பாவின் ரெயின்கோட் காய்ந்துகொண்டிருந்தது. மழை நாளில் அதைப் போட்டுக்கொண்டு பைக்கில் வந்தால் வெளித்தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போகாது. ஆனால் கழற்றும்போது சட்டை வேர்வையில் பிழியப் பிழிய நனைந்திருக்கும்.

“ஃபர்சானா, நைனா செவுத்துக்கு ரெயின்கோட் மாட்டிவுட்டுட்டாரு. உள்ள வேர்த்துக் கொட்டுது.”

“என் தோசைத் திருப்பிடி அது,” என்று பறிக்க வந்த அம்மா, பாதியில் நின்றாள்.

இத்தனை காலம் அடித்த வெள்ளையும் சிமெண்டோடு சேர்ந்து பெயர்ந்த இடத்தில் ஒரு வட்டம் தெரிந்தது. ரூத் இன்னும் கொஞ்சம் நெம்பினாள். இன்னொரு வட்டம். அதன் பக்கத்தில் இன்னொன்று. பெரிதும் சிறிதுமாகச் சுவர் நெடுக ஒரு வரிசை.

அம்மா தன் வளையலைக் கழற்றி ஒரு வட்டத்தில் வைத்தாள். சரியாக உட்கார்ந்தது.

“வளையல்டி,” என்றாள் மெதுவாக. “சுண்ணாம்பு காயறதுக்குள்ள அழுத்திட்டுப் போயிருக்காங்க. பகல்ல உப்பு சுமந்துட்டு, வந்து அவங்க வூட்ட அவங்களே பூசிகினாங்க போல.”

ரூத் தன் வளையலைக் கடைசியில் இருந்த சின்ன வட்டத்தில் வைத்தாள். மயிரிழை பிசகாமல் பொருந்தியது. அவள் வயசுப் பெண் ஒருத்தி, இதே இடத்தில், இதே உயரத்தில் கையை நீட்டி நின்றிருக்கிறாள்.

“அவ பேரு இன்னாவா இருக்கும்?” ஃபர்சானா கிசுகிசுத்தாள்.

யாருக்கும் தெரியாது. சுவருக்குள் யாரோ தூங்குகிற மாதிரி, சாயங்காலம் வரை மூன்று பேரும் குரலைத் தாழ்த்தியே பேசினார்கள்.

சாலமோன் வந்தார். தரையெல்லாம் சிமெண்டுத் துண்டுகள். அவர் முகம் தொங்கிப்போயிற்று. லீவு நாளெல்லாம் உட்கார்ந்து தன் கையால் பூசிய சிமெண்ட் அல்லவா?

ரூத் வாசல் கொடியைக் காட்டிக் கேட்டாள். “ரெயின்கோட்டக் கழட்டினா உன் சட்டை எப்படி இருக்கும், நைனா?”

“வேர்வைல நனைஞ்சிருக்கும்.”

“ரெயின்கோட்டு மேல தப்பா?”

“அது நல்ல ரெயின்கோட்டுதான்.”

“உன் சிமெண்ட்டும் நல்ல சிமெண்ட்டுதான். இந்தச் செவுத்துக்கு வேர்க்குது, அவ்ளோதான்.”

சாலமோன் சுவரைப் பார்த்தார். வளையல் வட்டங்களைப் பார்த்தார். சுத்தியை எடுத்துச் சிமெண்டைத் தட்டினார். அப்பளம் போல நொறுங்கியது. பழைய சுவரைத் தட்டினார். டங்ங்ங்! திருப்போரூர்க் கோயில் மணியே வெட்கப்பட்டிருக்கும்.

உடனே ஜேசிபி ஓட்டும் பாலாவைக் கூப்பிட்டார். மற்ற லைன் வீடுகளை எல்லாம் இடித்தவர் அவர்தான். பாலா மூலைக்கு மூலை தட்டினார், உத்திரத்தில் தொங்கிப் பார்த்தார், ஏறி மிதித்தும் பார்த்தார்.

“அண்ணாத்த, வூடு கல்லு மாதிரி கீது. சிமெண்ட்ட உரிச்சிட்டுச் சுண்ணாம்பு பூசு, போதும்.” பிறகு வட்டங்களைத் தடவினார். குரல் இறங்கியது. “மத்த வூட்லயும் இது இருந்திருக்கும்ல? நான் பாக்கவே இல்ல.”

திங்கட்கிழமை ஜேசிபி வரவில்லை. ரூத் பள்ளிக்கூடத்துக்குப் போனாள், ஃபர்சானாவோடு.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிமெண்டை உரித்தார்கள். வெயில் வந்து சுவரை உலர்த்திக் கொடுத்தது. உடைந்த இடங்களில் கிளிஞ்சல் சுண்ணாம்பு பூசினார்கள். ஈரம் காய்வதற்குள் அம்மா தன் வளையலை அழுத்தினாள். பிறகு ரூத். பிறகு ஃபர்சானா.

“எனக்கு?” என்று அழுதான் ஜோயல். அவனுக்கு ஏது வளையல்? சமையலறைக்கு ஓடினான். சோறு வடிக்கிற குண்டானைத் தூக்கமுடியாமல் தூக்கிவந்தான். யாரும் தடுப்பதற்குள் சுவரில் கவிழ்த்து அழுத்திவிட்டான்.

இன்னும் நூறு வருடம் கழித்துப் பார்ப்பவர்கள், இந்த வீட்டில் ஒரு ராட்சசியும் குடியிருந்தாள் என்று சத்தியம் செய்வார்கள்.