காணாமல் போன நீல ஃபைல்

மாடி வீட்டு 'நோட்டு' மூக்கு சிவக்கப் படியிறங்கி வந்தாள். கீழ்வீட்டு அம்மாளுக்கு வேறென்ன வேண்டும்? அடுப்பை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். அவள் கணவர், ஓய்வு பெற்ற துப்பறியும் அதிகாரி, செய்தித்தாளை மட்டும் மடித்தார்.

"ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலையை விட்டேன்ல அக்கா, கம்ப்யூட்டர் குறிப்பு எழுதி வச்ச ஃபைலை நான் தூக்கிட்டுப் போயிட்டேன்னு மேனேஜர் சொல்றாரு. அது வராம அனுபவச் சான்றிதழ் தரமாட்டாராம். அது இல்லாம திங்கட்கிழமை புது ஆபீஸ்ல சேத்துக்க மாட்டாங்க."

அந்தக் கூடத்துக் கம்ப்யூட்டர்களில் எந்த வயர் எதற்கு, எது கெட்டால் என்ன செய்வது என்று ஆறு வருடமாக எழுதித் தள்ளியதால் வந்த பட்டப்பெயர்தான் நோட்டு.

"கடைசியா எங்கம்மா வச்சே?" என்றார் அதிகாரி.

"நீல ஃபைல் கிழிஞ்சு போச்சு மாமா. தாளையெல்லாம் பைண்ட் பண்ணி, பழுப்பு அட்டை போட்டேன். மேனேஜர் மீட்டிங்ல இருந்தாரு. அவர் மேஜை மேல வச்சுட்டு வந்தேன்."

"பொறாமை பிடிச்சவ எவளாவது எடுத்திருப்பா. கிளம்புங்க," என்று அம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

காலையில் கரண்ட் போய் வந்ததிலிருந்து பரிசோதனைக் கூடத்தில் கம்ப்யூட்டர்கள் மூச்சு விடவில்லை. தோளில் குழந்தையோடு ஒருவர் நான்காம் முறையாக ரிப்போர்ட் கேட்டுக்கொண்டிருந்தார். புதிதாகச் சேர்ந்த கம்ப்யூட்டர்காரர் வியர்வையில் நனைந்திருந்தார். மேனேஜர் மட்டும் தூண் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணுக்கு நேராகத் திரை. பின்னால் ஆணியில் தூசி படிந்த கழுத்துப் பட்டை.

"நீல ஃபைல் சார். அலமாரி பூரா கவுத்துப் பாத்துட்டேன்," என்றார் மேனேஜர்.

அம்மாள் குப்பைக்கூடை வரைக்கும் எட்டிப் பார்த்தாள். அதிகாரி ஆணியைப் பார்த்தார்.

"கழுத்து வலி எப்போ விட்டுச்சு?"

"பத்து நாளாச்சு. எத்தனையோ டாக்டர் பாத்தும் கேக்காதது, தானா போயிடுச்சு."

"இந்தப் பொண்ணு வேலையை விட்டு?"

"அதுவும்... பத்து நாள்தான்."

"இவ போனதால வலி போச்சுங்கறீங்களா?" என்று அம்மாள் கணவர் காதைக் கடித்தாள்.

"இவ வச்சுட்டுப் போனதால."

அதிகாரி திரையைத் தூக்கினார். அடியில், முதுகைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு, நாலு விரல் கனத்தில் பழுப்பு அட்டைப் புத்தகம்.

"மேஜையில சும்மா கெடந்துச்சு... திரை உயரமா இருக்கட்டுமேன்னு வச்சேன்," என்றார் மேனேஜர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"நீங்க நீலத்தைத் தேடினீங்க சார். ஒரு நாளாவது உள்ளே படிச்சிருந்தா, தாளைத் தேடியிருப்பீங்க," என்றார் அதிகாரி.

நோட்டு நாற்பத்தோராம் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தாள். 'கரண்ட் போய் வந்தால்: பதற வேண்டாம். முதலில் தகவல் சேமிக்கும் பெட்டியைப் போடவும். இரண்டு நிமிடம் பொறுத்து சர்வர். எல்லோரும் அவசரப்படுவது இந்த இடத்தில்தான்.' புதியவர் அப்படியே செய்தார். பிரிண்டர் செருமிக்கொண்டு முதல் ரிப்போர்ட்டைத் துப்பியது. குழந்தையோடு நின்றவர் வாங்கிக்கொண்டு யாருக்கென்று தெரியாமல் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார்.

"அக்கா, என் வேலையைக் காப்பாத்திட்டீங்க," என்றார் புதியவர். அவருக்கு அவளைவிட வயது அதிகம். யாரும் சிரிக்கவில்லை.

சான்றிதழ் அங்கேயே தயாரானது. மேனேஜர் அதோடு விடவில்லை. 'மாற்றங்கள்' என்று நோட்டு கோடு போட்டு வைத்திருந்த கடைசித் தாளில், அவள் சொல்லிக்கொடுத்தபடியே தேதி போட்டு, எழுதிக் கையெழுத்திட்டார்:

'இன்று முதல் இந்தப் புத்தகம் திரைக்கு அடியில் இல்லை, பக்கத்தில். எழுதியவருக்கு நன்றி. கழுத்தின் சார்பிலும்.'